கேட்பதும் நடிப்பே: டி. எஸ். பாலையா

நுழையுமுன்

திரைப்படம் பார்க்கும்போது நம் கண்கள் பேசுபவரையே பின்தொடர்கின்றன. அவர் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால், எதிரே இருப்பவர் பேச, தாம் கேட்டுக்கொண்டிருந்தே அரங்கு முழுவதையும் சிரிக்க வைத்த நடிகர் ஒருவர் தமிழ்த் திரையுலகில் வாழ்ந்தார். அவர் பெயர் டி. எஸ். பாலையா. சுவரொட்டிகளில் அவருடைய படம் பெரிதாக இடம்பெறுவது அரிது. ஆயினும், 36 ஆண்டுகள் தமிழ்த் திரைப்படங்களில் அவருக்கென ஓர் இடம் இருந்தது. தொடக்கத்தில் மக்கள் வெறுக்கும் தீயவராகத் தோன்றிய அவர், ஐம்பது வயதில் மக்கள் விரும்பும் நகைச்சுவைக் கலைஞராக மாறினார். அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் நாடக மேடையும்

பாலையா 1914ஆம் ஆண்டு, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சுண்டங்கோட்டை என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அவர் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் 'டி' என்பது திருநெல்வேலியையும், 'எஸ்' என்பது சுப்பிரமணியம் என்னும் பெயரையும் குறிக்கும். ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சுமப்பது அக்காலத் தமிழரின் வழக்கம். எங்குச் சென்றாலும் பிறந்த மண்ணின் பெயர் உடன் வரும்.

பாலையா சிறுவராக இருந்த காலத்தில் தமிழ்நாட்டு மக்களின் பெரும் பொழுதுபோக்கு நாடகமே. சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்திய குழுக்கள் அன்று பல இருந்தன. இவற்றை மக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்று அழைத்தனர். நாடகத் தந்தை எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் அத்தகைய குழு ஒன்றைத் தொடங்கினார். அவரைப் பின்பற்றி வேறு பல குழுக்களும் தோன்றின.

இக்குழுக்களில் சேர்ந்த சிறுவர்களுக்குக் குழுவே வீடு, குழுவே பள்ளி. உணவும் உடையும் உறைவிடமும் அங்கேயே கிடைத்தன. பாட்டு, வசனம், ஆடல், வாட்போர் அனைத்தும் ஆசிரியர் ஒருவரால் கண்டிப்புடன் கற்பிக்கப்பட்டன. பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். குழு ஊர் ஊராகச் செல்லும்; ஓரிடத்தில் கொட்டகை அமைத்துச் சில வாரங்கள் நாடகம் நடத்தியபின் அடுத்த ஊருக்குப் பெயரும். பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த அச்சிறுவர்களுக்குப் பண்டிகை நாள்களிலும் மேடைதான் வீடாக இருந்தது.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே, வயிற்றிலிருந்து குரலை எழுப்பவும், ஒவ்வோர் எழுத்தையும் பிசகாமல் ஒலிக்கவும் நடிகர்கள் பழகினர். லகர, ழகர, ளகர வேறுபாடு குலைந்தால் ஆசிரியரின் தண்டனைக்கு ஆளாக நேரும். இத்தகைய நாடக மேடையிலிருந்தே பாலையா திரைக்கு வந்தார். பின்னாளில் அவர் குரலில் ஒலித்த தெளிவும் ஏற்ற இறக்கமும் அந்த மேடை தந்த செல்வமாகும்.

ஒரே படத்தில் மூவர்

1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' வெளிவந்தபின் தமிழில் பேசும் படங்களின் காலம் தொடங்கியது. நாடக நடிகர்கள் பலர் திரையுலகை நாடினர். 1936ஆம் ஆண்டு 'சதி லீலாவதி' என்னும் படம் வெளியாயிற்று. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்ட இப்படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். மதுப்பழக்கம் ஒரு குடும்பத்தை எவ்வாறு சிதைக்கிறது என்பதே அதன் கருப்பொருள். குடியால் அறிவிழந்த கதைத்தலைவன், தன் நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைக்கிறான். அவனுக்கு மதுவின் சுவையைக் காட்டிக் கெடுக்கும் தீய நண்பன் இராமநாதனாக நடித்தவர் பாலையா.

அந்தப் படத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. காவல்துறை அலுவலராகச் சிறு வேடத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றியது அதில்தான். பின்னாளில் கலைவாணர் எனப் போற்றப்பட்ட என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். ஒருவர் கதைத்தலைவராகவும் பின்னர்த் தமிழ்நாட்டின் முதலமைச்சராகவும் உயர்ந்தார். மற்றொருவர் சிரிப்பின் வழியே சிந்தனையை ஊட்டினார். பாலையாவுக்கோ முதற்படமே தீயவர் வேடத்தைத் தந்தது. பல ஆண்டுகள் அவ்வேடமே அவரைத் தொடர்ந்தது.

இயக்குநர் டங்கனுக்குத் தமிழ் தெரியாது. சொல்லின் பொருளை மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவர் அறிய வேண்டியிருந்தது. மொழி அறியாத ஒருவர் முன்னே நடிக்கும்போது முகமும் கண்ணும் உடலும் தாமே பேசியாக வேண்டும். உரத்த குரலில் வசனம் பேசிப் பழகிய நாடக நடிகர்களுக்கு இது புதிய பயிற்சி. முகத்தருகே வந்து நிற்கும் ஒளிப்படக் கருவி, புருவத்தின் சிறு அசைவையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதை அவர்கள் படிப்படியாக உணர்ந்தனர்.

1937ஆம் ஆண்டு டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' வெளிவந்தது. கம்பரின் மகன் அம்பிகாபதியாக எம். கே. தியாகராஜ பாகவதர் நடிக்க, அவருக்கு எதிரியான உருத்திரசேனனாகப் பாலையா நடித்தார். பாகவதரின் பாட்டுக்கு நாடே மயங்கியிருந்த காலத்தில் அவருக்குத் தீங்கு செய்பவராகத் தோன்றுவது எளிதன்று. மக்களின் வெறுப்பைப் பெறுவதே அந்நடிகரின் வெற்றி. பாலையா அவ்வெற்றியைப் பெற்றார்.

தீயவரும் நண்பரும்

தீயவராக நடிப்பவருக்கு ஓர் இடர் உண்டு. மக்கள் அவரை ஒரே அச்சில் வார்த்துவிடுவர். தயாரிப்பாளரும் அதே வேடத்தையே மீண்டும் மீண்டும் தருவர். பாலையா அந்த அச்சுக்குள் அடங்கிவிடாமல், கிடைத்த வாய்ப்புகளில் வேறுபாடு காட்ட முயன்றார்.

1949ஆம் ஆண்டு வெளிவந்த 'வேலைக்காரி' அதற்குச் சான்று. அறிஞர் அண்ணா எழுதிய இப்படத்தில், தந்தையின் சாவுக்குக் காரணமான செல்வரைப் பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனாக கே. ஆர். இராமசாமி நடித்தார். அவருக்கு நல்வழி காட்டும் நண்பன் மணியாகப் பாலையா தோன்றினார். ஆத்திரத்தில் ஆயுதத்தை நாடும் ஆனந்தனிடம், அறிவைக் கூர்மையாக்கிக்கொள்ளுமாறு மணி அறிவுறுத்தும் காட்சி மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. அதுவரை பெரும்பாலும் கெடுமதி கூறுபவராகத் தோன்றிய ஒருவர் நல்லறிவு புகட்டுபவராக நின்றார். மக்கள் அதனையும் ஏற்றனர்.

1954ஆம் ஆண்டின் 'தூக்குத் தூக்கி' மற்றொரு திருப்பம். சிவாஜி கணேசன் கதைத்தலைவராக நடித்த இப்படத்தில் பாலையா வடநாட்டு வணிகராகிய சேட்டு வேடம் ஏற்றார். அவர் தீயவர்தாம், ஆனால், இந்தி கலந்த தமிழில் அவர் பேசும்போது அரங்கில் சிரிப்பு எழுந்தது. தீமையும் நகைப்பும் ஒரே முகத்தில் கலக்க முடியும் என்பதை அவ்வேடம் காட்டியது.

பிறமொழியாளரின் பேச்சைப் போலச் செய்து சிரிக்க வைப்பது அன்றைய திரைப்படங்களின் வழக்கம். இது ஒருபக்க வழக்கமும் அன்று. 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் நடிகர் மெஹ்மூத் தமிழ் இசையாசிரியராகத் தோன்றி, தமிழ் கலந்த இந்தியில் பேசிச் சிரிக்க வைத்தார். தமிழர் சேட்டைக் கண்டு சிரித்தனர். வடவர் தமிழ் ஆசிரியரைக் கண்டு சிரித்தனர். வேற்று மொழி பேசுவோரிடையே வளரும் நீங்கள், இவ்விரு சிரிப்புகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

காலம் மாறியது

1950களில் தமிழ்த் திரைப்படம் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. நடிகரே பாட வேண்டும் என்ற நிலை மறைந்து, பின்னணிப் பாடகர்களின் காலம் வந்தது. பாட்டுக்காகவே புகழ்பெற்றிருந்த நடிகர் சிலரின் செல்வாக்குக் குறைந்தது. அரண்மனைக் கதைகளின் இடத்தைக் குடும்பக் கதைகள் பிடித்தன. உரத்த குரலில் முழங்கும் நாடகப் பாணியைவிட இயல்பான பேச்சை மக்கள் விரும்பத் தொடங்கினர். நாடக மேடையில் உருவான மூத்த நடிகர்கள் அனைவரும் இம்மாற்றத்தைத் தாங்கி நிற்கவில்லை.

நகைச்சுவையின் இயல்பும் மாறியது. முன்பெல்லாம் நகைச்சுவைப் பகுதி மூலக்கதையோடு பெரும்பாலும் தொடர்பின்றித் தனியே அமைந்திருக்கும். என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் இணைந்து நடித்த பகுதிகள் அவ்வாறு தனியே உருவாக்கப்பட்டுப் படங்களில் சேர்க்கப்பட்டன. கதை அழச் செய்யும். நகைச்சுவைப் பகுதி இடையே வந்து சிரிக்க வைத்துச் செல்லும். அவ்வமைப்பில் சிரிக்க வைப்பது நகைச்சுவை நடிகரின் வேலையாக மட்டுமே இருந்தது.

1960களில் முழுநீள நகைச்சுவைப் படங்கள் வந்தன. இவற்றில் கதையே நகைச்சுவை. தந்தை, மகன், மகள், காதலர் என எல்லாரும் சிரிப்புக்குக் காரணமாவர். அத்தகைய கதைக்கு வேடிக்கை செய்பவர் மட்டும் போதாது. பேராசை கொண்ட செல்வர், இரகசியத்தை மறைக்கும் கணவர், செருக்கு மிக்க கலைஞர் போன்ற மனிதர்களை உண்மையானவர்களாகவே காட்டவல்ல நடிகர் வேண்டும். ஒரு மனிதரின் தனிக் குணத்தைச் சித்திரம்போலத் தீட்டிக் காட்டுபவரையே குணச்சித்திர நடிகர் என்கிறோம். தீயவராக நடித்த ஆண்டுகளில் பேராசை, அச்சம், பொறாமை, செருக்கு ஆகியவற்றை உள்ளும் புறமும் அறிந்திருந்த பாலையாவுக்கு, இப்புதிய காலம் கதவைத் திறந்தது.

கதை கேட்ட தந்தை

1964ஆம் ஆண்டு, பாலையாவின் ஐம்பதாம் வயதில், 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. ஸ்ரீதர் இயக்கிய இவ்வண்ணப் படத்தின் பெரும்பகுதி பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு பகுதியில் படமாக்கப்பட்டது. அதில் பாலையா தோட்ட உரிமையாளர் விசுவநாதனாக நடித்தார். அவருக்கு இரண்டு மகள்கள்; ஒரு மகன். பணத்தைத் தவிர வேறெதையும் அவர் மதிப்பதில்லை. ஏழை இளைஞன் ஒருவன் பெருஞ்செல்வரின் மகனாக நடித்து அவருடைய மகளை மணக்க முயல்வதே கதை. அவ்விளைஞன் செல்வர் வீட்டுப் பிள்ளை என்று அறிந்த நொடியில் விசுவநாதனின் குரல் குழைகிறது, முதுகு வளைகிறது. பணத்தின் முன் ஒரு மனிதர் எவ்வாறு சிறுத்துப்போகிறார் என்பதை அந்த உடல் வளைவே சொல்லிவிடுகிறது.

படத்தின் புகழ்பெற்ற காட்சி வேறொன்று. விசுவநாதனின் மகன் செல்லப்பாவுக்குத் திரைப்படம் எடுக்க வேண்டும் என்ற பேராவல். அவ்வேடத்தில் நடித்தவர் நாகேஷ். தன் கதையைத் தந்தையிடம் சொல்லிப் பணம் பெற விரும்பும் செல்லப்பா, அவரை அமரவைத்துப் பேய்க்கதை ஒன்றைக் கூறத் தொடங்குகிறான். இருளையும் காற்றையும் காலடி ஓசையையும் தன் வாயாலேயே எழுப்பிக் காட்டுகிறான்.

எதிரே அமர்ந்திருக்கும் தந்தைக்குத் தொடக்கத்தில் அக்கறையில்லை. பிறகு, தம்மை அறியாமலே கதைக்குள் இழுக்கப்படுகிறார். கண்கள் விரிகின்றன. உதடு உலர்கிறது. அச்சத்தைக் காட்டிக்கொள்ளலாகாது என்ற தந்தையின் பெருமிதமும், அடக்க முடியாத நடுக்கமும் அவர் முகத்தில் மாறி மாறி வருகின்றன. அங்கே பேயும் இல்லை. இருண்ட மாளிகையும் இல்லை. வீட்டில் தந்தையும் மகனும் இருக்கின்றனர், அவ்வளவே. ஆனால், கேட்பவரின் முகத்தைக் கண்ட நமக்குப் பேய் அருகில் நிற்பதுபோல் தோன்றுகிறது. தோன்றிய உடனே சிரிப்பும் வருகிறது.

இக்காட்சியில் பாலையா மட்டும் இல்லாவிடில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நாகேஷின் திறமை குறையாது. ஆனால், அத்திறமை போய்ச் சேரும் இடம் இராது. எறிந்த பந்தைச் சுவர் திருப்பி அனுப்பினால்தானே ஆட்டம் தொடரும்! பாலையா அக்காட்சியில் சிரிக்க வைக்க முயலவே இல்லை. அஞ்சும் மனிதராகவே அமர்ந்திருந்தார். அவர் அச்சம் எவ்வளவு உண்மையாக இருந்ததோ அவ்வளவு சிரிப்பு எழுந்தது.

இப்படத்தை ஸ்ரீதரே 1966ஆம் ஆண்டு 'பியார் கியே ஜா' என்னும் பெயரில் இந்தியில் இயக்கினார். பாலையாவின் வேடத்தை ஓம் பிரகாஷும், நாகேஷின் வேடத்தை மெஹ்மூதும் ஏற்றனர். கதை சொல்லும் காட்சி அங்கும் பெரும்புகழ் பெற்றது. உங்கள் இந்தி நண்பர்களின் வீடுகளில் அப்படத்தை அறிந்த மூத்தோர் இருக்கக்கூடும். அந்தச் சிரிப்பின் பிறப்பிடம் ஆழியாற்றங்கரை என்பதை அவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

செருக்கு அடங்கிய இரவு

1965ஆம் ஆண்டு ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' வெளிவந்தது. மதுரைச் சோமசுந்தரக் கடவுளின் திருவிளையாடல்களைக் கூறும் இப்படத்தில், பாலையா வடநாட்டிலிருந்து வந்த இசைப் புலவர் ஏமநாத பாகவதராகத் தோன்றினார். பாண்டியன் அவையில் பல இராகங்களை அடுக்கிப் பாடித் தமக்கு நிகர் எவருமில்லை என்று இறுமாந்து நிற்கிறார். அவருக்காகப் பின்னணியில் பாடியவர் இசைமேதை பாலமுரளிகிருஷ்ணா. பாட்டு மற்றொருவருடையது, எனினும், அப்பாட்டுக்குரிய செருக்கு முழுவதும் பாலையாவினுடையது. தலையின் ஒவ்வோர் அசைவும், கையின் ஒவ்வொரு வீச்சும், அவையோரை அளந்து பார்க்கும் பார்வையும் அச்செருக்கைச் சொல்கின்றன.

அவரை எதிர்த்துப் பாடுமாறு பாணபத்திரரை மன்னன் பணிக்கிறான். பாணபத்திரர் இறைவனிடம் முறையிடுகிறார். இறைவன் விறகு விற்பவராக வந்து, ஏமநாதர் தங்கியிருக்கும் வீட்டின் திண்ணையில் அமர்ந்து இரவில் பாடுகிறார். உள்ளே இருக்கும் ஏமநாதர் அதனைக் கேட்கிறார். இங்கும் பாலையாவின் வேலை கேட்பதுதான். பேய்க்கதை கேட்ட முகத்தில் அச்சம் வளர்ந்தது. பாட்டுக் கேட்ட முகத்தில் செருக்கு உதிர்கிறது. பாணபத்திரர் தள்ளிவிட்ட மாணவன் தான் என்று விறகு விற்பவர் கூறக் கேட்டதும், மாணவனே இப்படியென்றால் ஆசிரியர் எப்படிப் பாடுவாரோ என அஞ்சி, இரவோடிரவாக ஊரைவிட்டு அகல்கிறார். காலையில் அரசவையையே நடுங்க வைத்தவர் இரவில் மூட்டையைக் கட்டுகிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. சற்று இரக்கமும் வருகிறது. அந்த இரக்கம் நடிகர் நமக்குத் தந்த கூடுதல் பரிசு.

குடும்பத் தலைவர்

1967ஆம் ஆண்டு கே. பாலசந்தர் இயக்கிய 'பாமா விஜயம்' வெளியாயிற்று. மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் வாழும் கூட்டுக்குடும்பத்தின் தந்தையாகப் பாலையா நடித்தார். அடுத்த வீட்டுக்குத் திரைப்பட நடிகை ஒருவர் குடிவருகிறார். அவருக்கு நிகராகத் தோன்ற விரும்பிய மருமகள்கள், வருவாய்க்கு மீறிப் பொருள்களை வாங்கிக் குவிக்கின்றனர். அவர்களைத் திருத்த முனையும் பொறுப்பு முதிய தந்தையின்மேல் விழுகிறது. முன்னைய படத்தில் பணத்துக்கு மயங்கியவர், இப்படத்தில் ஆடம்பரத்தின் தீமையை உணர்த்துபவர். இதே கதை இந்தியில் 'தீன் பஹுராணியான்' என வந்தபோது, தந்தை வேடத்தை ஏற்றவர் பிருதிவிராஜ் கபூர்.

அதே ஆண்டு தீபாவளியன்று ஸ்ரீதரின் 'ஊட்டி வரை உறவு' வந்தது. பழைய இரகசியம் ஒன்று வெளிப்பட்டுவிடுமோ என நாளும் அஞ்சும் செல்வராகப் பாலையா அதில் நடித்தார். மனைவி முன்னே அமைதியும், அவர் முகம் திருப்பியதும் பதற்றமுமாக மாறும் அவர் நடிப்பு, பொய்யொன்றைக் காக்க மனிதர் படும் பாட்டைச் சிரிப்போடு உணர்த்துகிறது.

தவிலின் பெருமை

1968ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையைத் தழுவியது. ஏ. பி. நாகராஜன் இயக்கிய இப்படத்தில், நாகசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், ஆடற்கலைஞர் மோகனாவாகப் பத்மினியும் நடித்தனர். பாலையா ஏற்றது தவில் கலைஞர் வேடம். முன்கோபம் மிக்க சண்முகசுந்தரத்துக்குத் துணையாகவும், சினம் எல்லை மீறும்போது தணிப்பவராகவும் அவர் வருகிறார். இரு குழுவினரும் ஒன்றாகத் தொடர்வண்டியில் செல்லும் காட்சியில், காதலர் பார்வைகளுக்கிடையே அகப்பட்டு அவர் படும் பாடு இன்றும் சிரிப்பூட்டுவது.

நாகசுரக் கச்சேரியில் தவிலின் பணி என்ன என்பதை நீங்கள் அறிவீர்களா? நாகசுரம் முன்னே செல்லும்; தவில் அதனைக் கூர்ந்து கேட்கும். நாகசுரம் விரைந்தால் தானும் விரையும். நின்றால் தானும் நிற்கும். வேண்டிய இடத்தில் தட்டி எழுப்பும். கேட்கத் தெரியாதவர் தவில் வாசிக்க இயலாது. தவிலின்றி நாகசுரக் கச்சேரியும் நிறைவு பெறாது. பாலையா அப்படத்தில் தவில் கலைஞராக நடித்தார்; திரை வாழ்வு முழுவதிலும் அவர் செய்த பணியும் அதுவே. பாகவதர், எம். ஜி. ஆர்., சிவாஜி, நாகேஷ் எனத் தலைமுறைதோறும் புதிய கலைஞர்கள் முன்னே நின்றனர். அவர்கள் ஒவ்வொருவரின் நடைக்கும் ஏற்பத் தம் தாளத்தை அமைத்துக்கொண்டவர் பாலையா.

அவர் விட்டுச்சென்றவை

பாலையா 1972ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது அவருக்கு அறுபது வயதும் நிறையவில்லை. அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்னும் பெயரில் நடிகராகி, 'கரகாட்டக்காரன்', 'சாட்டை' போன்ற படங்களில் நடித்தார். தந்தையின் பெயரையே தம் பெயராகக் கொண்ட அவரும் 2023ஆம் ஆண்டு மறைந்தார்.

பாலையாவின் படங்களைப் பார்ப்பதால் உங்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. வெளி மாநிலத்தில் வளரும் உங்களுக்குப் பெரும்பாலும் வீட்டில் பேசும் தமிழ் ஒன்றே செவியில் விழுகிறது. ஆனால், தமிழின் குரல் பல. சேட்டின் கலப்புத் தமிழ், ஏமநாத பாகவதரின் செருக்கு மிகுந்த தமிழ், தஞ்சைப் பகுதி இசைக்கலைஞரின் தமிழ், பணக்காரத் தந்தையின் அதட்டல் தமிழ் என இவற்றை ஒருவரே பேசக் கேட்கலாம். வேடத்துக்கேற்பப் பேச்சு மாறினும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக ஒலிக்கும். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரல் அது. இன்று மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் இல்லங்களுக்கும் கேட்கிறது.

அடுத்த முறை வீட்டில் பெரியோருடன் அமர்ந்து பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பார்க்கும்போது, பேசுபவரை விட்டுக் கேட்பவரைச் சற்று நேரம் கவனியுங்கள். அவர் பாலையாவாக இருந்தால், அங்கே இரண்டாவது படம் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள்.

சொல்லும் பொருளும்

இறுமாப்பு – செருக்கு
கொட்டகை – நாடகம் நடத்த அமைக்கும் பந்தல்
தம்மை அறியாமலே – தம் நினைவின்றியே
திண்ணை – வீட்டின் முன்புறம் அமர்வதற்குக் கட்டிய மேடை
தொடர்வண்டி – இரயில்
பிசகாமல் – தவறாமல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. நாடகக் குழுவில் சேர்ந்த சிறுவர்கள் எவற்றையெல்லாம் கற்றனர்?
2. 'சதி லீலாவதி' படத்தில் பாலையா ஏற்ற வேடம் யாது?
3. குணச்சித்திர நடிகர் என்று யாரைக் கூறுகிறோம்?
4. ஏமநாத பாகவதர் இரவோடிரவாக ஊரைவிட்டு அகன்றது ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. தீயவராக நடித்த பட்டறிவு, நகைச்சுவை வேடங்களில் பாலையாவுக்கு எவ்வாறு உதவியது?
2. தவில் கலைஞரின் பணியும் பாலையாவின் நடிப்பும் எவ்வகையில் ஒத்துள்ளன?

இ. சிந்தித்து எழுதுக.

பிறர் பேசும் முறையைப் போலச் செய்து சிரிப்பது எப்போது நட்பாகும், எப்போது புண்படுத்தும்? உங்கள் பள்ளியிலோ தெருவிலோ நீங்கள் கண்டவற்றைக் கொண்டு பத்து வரிகளில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.

வகுப்பில் இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டு நடிக்கட்டும். பின்னர் இடம் மாறுங்கள். எது கடினம் என்று கலந்துரையாடுங்கள்.